தேய்மானம்

மூன்று நாள்
ஒரு சோடா மூடியை மிதித்தபடியே
கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும்
வண்டி ஓட்டியிருக்கிறேன்.

நாலாம் நாள், அரவேணு தாண்டியதும்
கண்டக்டர் நஞ்சன் குனிந்து பார்த்து
"என்ன டிரைவரே, ரேடியேட்டர் ஒழுகுதா?" என்றான்.
பிரேக்குக்குக் கீழே ஈரம்.
ரேடியேட்டர் இல்லை.

ஷூவைக் கழற்றினேன்.
உள்ளே உட்கார்ந்திருந்தது மூடி,
பல்லெல்லாம் சிவந்து,
டிக்கெட் எடுக்காத பயணியைப் போல.

வலிக்கலையா என்று கேட்காத ஆளில்லை.
வலித்திருந்தால் நிறுத்தியிருக்க மாட்டேனா?
பன்னிரண்டு வருஷச் சர்க்கரை
ஒவ்வொரு ஒயராக
உள்ளேயே அறுத்துக்கொண்டு வந்திருக்கிறது.
விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது,
எச்சரிக்கை விளக்கு மட்டும் எப்போதோ செத்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் கண்ணை மூடச் சொல்லி
நைலான் இழை ஒன்றால் தொடுவதாகச் சொன்னார்கள்.
"தெரியும்போது சொல்லுங்க."
வெளியே மழை வந்தது, நின்றது.
தகரக் கூரையில் குரங்கு நடந்தது.
பக்கத்து அறையில் கட்டிலை இழுத்தார்கள்.
"எப்ப ஆரம்பிப்பீங்க?" என்றேன்.
"முடிச்சிட்டோம்."

கீழ்த்தளத்தில், ரப்பர் வாசனை அடிக்கும் அறையில்
செருப்புச் செய்யும் ஆக்னஸ்
மைப்பாயின் மேல் ஒரேயொரு அடி வைக்கச் சொன்னாள்.
தாளைத் திருப்பினால்
கட்டைவிரலுக்கு அடியில் கரிய வட்டம்.
மற்ற இடமெல்லாம்
குஞ்சப்பனை மூடுபனிபோல் ஏதோ சாம்பல்.
அவள் விளக்குவதற்குள் நானே சொல்லிவிட்டேன்:
"அலைன்மென்ட் போயிருச்சு.
ஒரே இடத்துல தேயுது.
இந்த டயரோட மலை இறங்கக் கூடாது."
"மருந்து பாதிதாண்ணா," என்றாள்.
"லோடை இறக்கணும்."

முழங்கால் வரை பூட்ஸ், நாலு பட்டை.
ராத்திரி கழற்றிவிடுவேன்.
கழிவறை வரைக்கும் நாலே அடி,
அடுப்பில் பால் பொங்கினால் ஆறு.
மூன்று வாரம் கழித்து அளந்தார்கள்:
புண் ஒரு நூல்கூடச் சுருங்கவில்லை.
ஆக்னஸ் எதுவும் கேட்கவில்லை.
பூட்ஸுக்கு மேலேயே
மாவுக்கட்டுச் சுருளைச் சுற்றினாள், இறுக்கி,
காய்கிற வரை என்னைப் பார்த்தபடி.
"ஹேண்ட் பிரேக் போட்டாச்சு."

ஏழு வாரம்.
டிப்போவில் டைம் எழுதினேன்,
எனக்குப் பின்னால் வந்தவர்கள்
எனக்கு முன்னால் கிளம்பும் நேரத்தை.
வீட்டில் கங்கம்மா
கட்டு நனையாமல் பிளாஸ்டிக் பை கட்டுவாள்.
அந்த ஒரு வேலைக்கு மட்டும் திட்டமாட்டாள்.

புண் ஆறிய இடம்
புதுச் சாலைபோல் வழவழப்பு.
"இதுதான் இனி முதல்ல உடையும்," என்று
செருப்பைக் கையில் கொடுத்தாள் ஆக்னஸ்.
கறுப்பு ரப்பர், பின்னால் வார்,
அடியில் படகுபோல் ஒரு வளைவு.
உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன்:
அந்த வட்டத்துக்கு நேராக
ஒரு குழி குடைந்திருந்தாள்.
காலமெல்லாம் எடை தாங்கிய இடத்துக்கு
கடைசியில் ஒரு காலி சீட்.

"வண்டி ஓட்டலாமா?"
அவள் அடுத்த தாளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

நேற்று கீழே போனேன், பயணியாக,
டிரைவருக்குப் பின்சீட்டில்.
சின்னப் பையன், நன்றாகத்தான் ஓட்டுகிறான்.
பனிக்குள்ளிருந்து, வளைவில்,
கேரட் மூட்டை லாரி ஒன்று மூக்கை நீட்டியது.
கிறீச் என்றது ரப்பர், என் காலடியில்.
அந்தச் சத்தத்தில்தான் தெரிந்தது:
வலது கால்
இல்லாத பிரேக்கை
முழுசாக மிதித்திருக்கிறது.

மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும்
பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினேன்.
கவிழ்த்து உதறினேன்.
எதுவும் விழவில்லை.
இன்னொரு தடவை உதறினேன்.